இருநூற்றுப் பத்தொன்பதாம் நாள்

பிலேந்திரனை அடக்கம் செய்து பன்னிரண்டு நாள் கழிந்து, ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலை பத்தேகாலுக்கு, அவருடைய ஜப்பான் கீபோர்டுப் பெட்டியிலிருந்து மூன்று முறை ஒரே கட்டையின் சத்தமும், அப்புறம் கடைசிக் கட்டையின் சத்தம் ஒரு முறையும் வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ரிப்பேர் மேஜையில் ஒரு மிக்சியின் வயிற்றைக் கிழித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி ஜெனோவா, தையல்காரி தன் தையலைக் கண்டுகொள்கிற மாதிரி, அது தன்னுடைய விரல்தான் என்று உடனே கண்டுகொண்டாள். இருபது வருடமாக எந்தப் பெட்டியை ரிப்பேர் பண்ணினாலும் அவள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள்: இடப்பக்கம் மூன்றாம் வெள்ளைக் கட்டை மூன்று தரம், வலப்பக்கம் கடைசிக் கட்டை ஒரு தரம். இந்தப் பெட்டியை அவள் அப்படித் தட்டிப் பார்த்தது ஜனவரி பத்தாம் தேதி. அன்றைக்குச் சத்தம் வரவில்லை.

அடுத்த வீட்டு ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். "பெட்டி சரியாப்போச்சா யக்கா?"

"சரியாகல. இப்பத்தான் வருது" என்றாள் ஜெனோவா.

"ஓ" என்றுவிட்டு ரஞ்சிதம் மீன் கழுவப் போனாள். தூத்துக்குடியில் அந்தச் சுண்ணாம்புக் காளவாசல் தெருவில், தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறையும், கப்பலுக்குப் போனவன் வருடத்துக்கு ஒருமுறையும், அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்னது எந்த முறையும் இல்லாமலும் வருவது வழக்கம்; ஒரு சத்தம் கொஞ்சம் பிந்தி வந்ததற்காக யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை.

ஜெனோவா மட்டும் மிக்சியை அப்படியே விட்டு எழுந்தாள். சுவரில் இருந்த கோவில் காலண்டரை எடுத்து விரல் வைத்து எண்ணினாள். இருநூற்றுப் பத்தொன்பது நாள். எண்ணி முடித்தபோதுதான், தன் வீம்பு என்ன செய்து வைத்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

வீம்பின் கதை பதினோரு வருடத்துக் கதை. கல்யாணமான புதிதில் மாடியில் வீடு, கீழே அவளுடைய ரிப்பேர் கடை. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த பிலேந்திரன் மாடியிலிருந்து பெண்டாட்டியை வாயால் கூப்பிடமாட்டார். பெட்டியில் மூன்று கட்டை, குட்டையாக ஒன்று, நீளமாக இரண்டு, ஜெ-னோ-வா. கீழே அவள் திருப்புளியால் இரும்பு மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். வாரேன் என்று அர்த்தம். தெருவே அதைக் கேட்டுச் சிரிக்கும். பிறகு ஒரு வருடம் அந்த இரண்டு தட்டு பல நாள் வராமல் போனது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கு மனசு புண்ணாகி, கோவில் திருவிழா மேடையில், மைக்கில், இரண்டாயிரம் பேருக்கு முன்னால் சொன்னார்: "எம் பொண்டாட்டிக்குக் கை உண்டு, காது கிடையாது." சனங்கள் சிரித்தார்கள். ஜெனோவா எழுந்து வீட்டுக்கு வந்தாள். அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர குடும்பம் நிற்கவில்லை. நடுவில் ரஞ்சிதம் இருந்தாள். ஒரே அறையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, "ரஞ்சிதம், அவருகிட்ட சொல்லு, சோறு ஆறுது" என்பாள் ஜெனோவா. "அண்ணே, சோறு ஆறுதாம்" என்பாள் ரஞ்சிதம். "பசிக்கலன்னு சொல்லு" என்பார் அவர். "பசிக்கலையாம் யக்கா" என்பாள் ரஞ்சிதம். பதினோரு வருடம் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், நடுவில் தன் வீட்டு உலையையும் பார்த்துக்கொண்டு அவள் அந்தச் சொற்களைச் சுமந்தாள். அவள் மகளுடைய பேறுகாலத்துக்கு மதுரைக்குப் போன நாற்பது நாளும் அந்த வீட்டில் ஒரு சொல் கிடையாது.

அப்படித்தான் அந்த ஜனவரியில் அவர் சொல்லியனுப்பினார்: "தந்திக் குரலு டக்குன்னு வந்து விழுது. கொஞ்சம் மெதுவா எழும்பி வரணும்னு சொல்லு." வயலின்காரர்கள் வில்லை இழுக்கும்போது குரல் மெல்ல மேலேறுமே, அது மாதிரி வேண்டும் என்பது அவர் ஆசை.

பழைய பெட்டிகளில் ஒரு சத்தத்துக்கு நாலு பருவம் உண்டு. கட்டையை அழுத்தினால் எழும்பும், கொஞ்சம் தாழும், விரல் இருக்கும்வரை நிற்கும், விரலை எடுத்தால் அடங்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் பகுதியை மெக்கானிக்குகள் என்வலப் என்பார்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் குடம் மாதிரி, ஒரு ரெசிஸ்டர் குழாய் மாதிரி. குடம் நிறைந்தால்தான் குரல் முழுசாக வரும். சின்னக் குடமாக இருந்தால் டக்கென்று நிறையும், டக்கென்று வரும். ஒரு சுற்றுப் பெரிய குடம் வைத்தால் போதும், அவர் கேட்ட வயலின் கிடைத்திருக்கும். ஜெனோவாவுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் காது கிடையாது என்று சொன்ன வாய் இப்போது குரலைப் பற்றிச் சொல்லியனுப்புகிறதே என்ற ஆத்திரத்தில், மெதுவாக வேண்டுமா, இந்தா வாங்கிக்கொள் என்று, ஒவ்வொரு கட்டைக்கும் சின்னக் குடத்தை எடுத்துவிட்டு, ஓட்டை ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து கழற்றி வைத்திருந்த அண்டா அண்டாவான கெப்பாசிட்டர்களை அடைத்து, குழாயையும் நூல் கனத்துக்குக் குறுக்கி, மூடியை மூடிவிட்டாள். தட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை. "ரஞ்சிதம், அவருகிட்ட சொல்லு, முடிஞ்சுது" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். வாசித்தார். ஒன்றும் வரவில்லை. ஏன் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பெட்டியை அணைக்கவும் இல்லை. சூடு ஆறினால் சுருதி விலகிப்போகும் என்று அவர் அதை எந்நாளும் அணைத்ததில்லை, கரண்டு போனாலும் நிற்காமல் இருக்க ஜெனோவாவே ஒரு பேட்டரி வைத்துக் கொடுத்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். ஊமைப் பெட்டியில் தினமும் ஒரு மணி நேரம் பழக்கம் செய்தார், தண்டனையை ஒப்புக்கொண்டவர் மாதிரி. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஜெனோவாவுக்குக் கட்டைகள் இறங்கி ஏறுகிற டக்டக் மட்டும் லேசாக எட்டும். ஆகஸ்ட் நாலாம் தேதி சாயங்காலமும் அந்த டக்டக் எட்டியது. ஆனால் அன்றைக்கு அது பழக்கம் மாதிரி இல்லை, கொஞ்சம் தட்டுவதும், நீளமாக நிறுத்துவதும், மறுபடி தட்டுவதுமாக இருந்தது. பழுது எங்கே என்று இப்போதுதான் தேடுகிறார் போல என்று எண்ணிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் தேதி விடியும்போது, மாதா கோவில் திருவிழா நாளின் முதல் வெடிச் சத்தத்துக்கு அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் நெஞ்சு நின்றுவிட்டது என்றார்.

இப்போது ஆகஸ்ட் பதினேழு. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, காலண்டர் சொன்னபடியே, பிலேந்திரன் ஜனவரி பத்தாம் தேதி வாசித்தது வந்தது.

தெரு அதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆறு மணியானால் செத்தவர் பழக்கம் செய்வார்; அதைக் கேட்டு விளக்கேற்றுகிறவர்கள் விளக்கேற்றினார்கள், கடைக்காரர் வடைச் சட்டியை அடுப்பில் வைத்தார், பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்தார்கள். ஒரு பாட்டில் அவர் ஒரே இடத்தில் மூன்று நாள் தப்பு விட்டார். நாலாம் நாள் சரியாக வாசித்தபோது தெருவே "அப்பாடா" என்றது. அந்த வருடத் தவக்காலத்தில் அவர் வெள்ளிக்கிழமைகளில் வாசிக்காமல் விட்டிருந்தார்; அந்த வெள்ளிகள் அக்டோபரிலும் நவம்பரிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மௌனமாக உட்கார்ந்துவிட்டுப் போயின. நவம்பர் இருபத்து மூன்றாம் தேதி பெட்டியில் பெரிய வெள்ளி. ரஞ்சிதம் அன்று மீன் வாங்கவில்லை. பிள்ளையார் கோவில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ரேடியோவைத் தணித்து வைத்தார்கள்.

அடுத்த வருடத் தவக்காலம் பிறந்ததும், பங்குச்சாமியார் இருதயராஜிடம் இரண்டு பேர் போய், சாம்பல் பூசின காலத்தில் செத்தவர் சினிமாப் பாட்டு வாசிக்கலாமா என்று கேட்டார்கள். சாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து யோசித்துவிட்டு, "அவர் விரல் வச்சது ஜூலையிலே. ஜூலையிலே தவக்காலம் கிடையாது. கேக்குற நாமதான் கொஞ்சம் அடக்கமா கேக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு விஷயம் முடிந்தது.

தெருவின் பெரிய பாடு கரண்டுதான். பெட்டி ஒரு நொடி அணைந்தாலும் குடமெல்லாம் வடிந்துவிடும், உள்ளே இருக்கிற ஏழு மாத மனிதர் போய்விடுவார். லைன்மேன் தங்கத்துரை வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டு, மூன்று வீடுகளிலிருந்து மூன்று பேஸில் வயர் இழுத்துக் கொடுத்தார். பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளை முதல் ஆளாக வந்து சொன்னார். டிசம்பர்ப் புயலில் மூன்று நாள் ஊரே இருண்டபோது, விசைப்படகுக்காரர்கள் படகிலிருந்து பேட்டரிகளைக் கழற்றித் தோளில் சுமந்து வந்தார்கள். சும்மா இல்லை, அதற்குள் எல்லோருக்கும் உள்ளே ஒரு பங்கு இருந்தது. வயர் கொடுத்தவர்கள், பேட்டரி சுமந்தவர்கள், யார் வந்து கேட்டாலும் ஜெனோவா ஒரு கட்டை அழுத்தக் கொடுத்தாள். பாடகர் குழு, ஏப்ரல் ஐந்தாம் தேதி ஈஸ்டருக்குச் சரியாக வரட்டும் என்று, ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதியே வந்து வியர்க்க விறுவிறுக்க ஈஸ்டர் பாட்டை வாசித்துவிட்டுப் போனது. தங்கத்துரை தான் ரிட்டயர் ஆகிற நாளுக்கு ஒன்று அழுத்தினார். ரஞ்சிதம், மருமகள் பிள்ளை பெறப்போகிற மாதத்தைக் கணக்குப் பண்ணி ஒன்று அழுத்தினாள். மார்ச் கடைசிக்கு மேல்தான் அவை ஒவ்வொன்றாக வரும். அதுவரைக்கும் பெட்டி தெருவின் வயிற்றுப்பிள்ளை.

ஜெனோவாவுக்குப் பெட்டி அணையாமல் இருக்க வேண்டியதெல்லாம் ஒரே ஒரு நாளுக்காகத்தான். ஆகஸ்ட் நாலாம் தேதி சாயங்காலத்துக்கு இருநூற்றுப் பத்தொன்பது கூட்டினால் மார்ச் பதினொன்று. நிறுத்தி நிறுத்தித் தட்டிய அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன வாசித்தார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். திட்டினாரா, அழுதாரா, மன்னித்தாரா? மனிதன் கடைசியாகச் சொன்னதை முதுகைக் காட்டிக்கொண்டு கேட்காமல் விட்டவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் காது போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பரில் சேவல் போனது. அடுப்பில் குக்கர் விசில் அக்டோபரில் போனது. திருநெல்வேலி டாக்டர் சோதித்துவிட்டு, இது இன்று நேற்று வந்ததில்லை, பத்துப் பதினைந்து வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அந்த வருடம் மாடியிலிருந்து அவர் கூப்பிட்டாரே, இரண்டு தட்டு வரவில்லையே, அவள் வேண்டுமென்றா இருந்தாள்? கேட்கவே இல்லை. அவர் மேடையில் சொன்னது ஏச்சு இல்லை, உண்மை. அந்த உண்மை சொன்னவருக்கும் தெரியவில்லை, சுமந்தவளுக்கும் தெரியவில்லை. பதினோரு வருடம் பாழாய்ப் போயிற்று.

டிசம்பரில் அவள் பெட்டியின் மரப்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்டாள். எலும்பு வழியாகக் கொஞ்சம் வந்தது. ஜனவரியில் இன்னும் கெட்டியாகக் கடித்தாள். அந்தோணியாருக்கு மெழுகுதிரி, உவரிக் கோவிலுக்கு நடை, கடற்கரைப் பக்கத்து தர்காவில் ஓதின எண்ணெய், எதையும் விடவில்லை. "மார்ச் பதினொன்னு வரைக்கும் போதும். அதுக்கப்புறம் இடி விழுந்தாலும் எனக்குக் கேக்க வேண்டாம்" என்று மாதா சுரூபத்தின் முன்னால் பேரம் பேசினாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் ரஞ்சிதம் உள்ளே வந்தபோது, பெட்டியின் மூடி திறந்து கிடந்தது, சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது, ஜெனோவாவின் கையில் ஒரு சின்ன ரெசிஸ்டர். குழாயைக் கொஞ்சம் அகலமாக்கினால் குடம் சீக்கிரம் நிறையும். மார்ச் பதினொன்றுக்கு மீதியிருக்கிற முப்பது நாள் மூன்று நாளாகும். கை தவறி எங்கேயாவது பட்டால் மொத்தமும் வடிந்துவிடும்.

ரஞ்சிதம் பிளக்கைப் பிடுங்கினாள். அயர்னுடைய பிளக்கைத்தான்; பதினோரு வருடப் பழக்கத்தில் எது எந்த வயர் என்று அவளுக்கும் தெரியும். காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்: "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கக் கூடாதா யக்கா? தெருவே உள்ள இருக்கு. அண்ணனும் உள்ள இருக்காரு. பொசுக்கிராத!"

"எனக்குக் காது போவுதுட்டி" என்று கதறினாள் ஜெனோவா. "அவரு வாரதுக்குள்ள போயிரும்ட்டி!"

ரஞ்சிதம் மூடியை எடுத்து மூடிவிட்டு, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு மணிக்குப் பிலேந்திரன் போன வருடம் ஜூலை ஐந்தாம் தேதி வாசித்ததை வாசித்தார். ஜெனோவா எழுந்து போய்ப் பல்லை வைத்துக் கேட்டாள். தூரத்தில் யாரோ சுவரைத் தடவுகிற அளவுக்குத்தான் கேட்டது.

பத்து நாள் கழித்து அதுவும் போய்விட்டது.

மார்ச் பதினொன்றாம் தேதி ஐந்தரை மணியிலிருந்தே தெரு அடங்கியது. மிக்சி, கிரைண்டர், டிவி ஒன்றும் இல்லை. ஆட்டோக்காரர் வண்டியைத் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். வடைக்கடையில் எண்ணெய் காயவில்லை. தங்கத்துரை மூன்று வயரையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கைகட்டி நின்றார். சாமியார் வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். ஜெனோவா தன் ஸ்டூலை எடுத்து, அன்று முதுகு காட்டிய அதே இடத்தில், இன்று பெட்டியைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ரஞ்சிதம், கையில் செபமாலை.

ஆறு மணி. ஜெனோவாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாசலில் நின்றவர்களின் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததைப் பார்த்தாள். சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வாசிக்காரு? ரஞ்சிதம், என்ன பாட்டு? ஏட்டி, சொல்லு!"

ரஞ்சிதத்துக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்தாலும் சொல்லிக் கேட்கிற காது எதிரே இல்லை. அவள் ஜெனோவாவின் உள்ளங்கையைப் பிடித்து, தன் விரலால் தட்டினாள். குட்டையாக ஒன்று. நீளமாக இரண்டு. அப்புறம் விரலைத் தூக்கிக்கொண்டு நீளமாகக் காத்திருந்தாள். மறுபடி, குட்டையாக ஒன்று, நீளமாக இரண்டு. மறுபடி காத்திருந்தாள்.

ஜெனோவாவுக்குப் புரிந்தது. அவர் பழுது தேடவில்லை, கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டுவிட்டு அந்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்து, வராமல், மறுபடி கூப்பிட்டு, மறுபடி காத்திருந்து, ஒரு மணி நேரம், சத்தமே வராத பெட்டியில், ஆறடி தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளை, அவள் அடைத்து வைத்த கட்டைகளிலேயே கூப்பிட்டிருக்கிறார். நெஞ்சு அப்போதே வலித்ததா, தெரியாது. தண்ணீர்தான் கேட்டாரா, அதுவும் தெரியாது. திரும்பியிருந்தால் போதும். ஒரே ஒரு தரம் கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும்.

ரஞ்சிதம் ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால், ஒரு கூப்பாட்டுக்கு ஒன்றாக, மணிகளைத் தள்ளினாள். நாற்பத்தேழு மணி தள்ளியதும் விரல் நின்றது. அப்புறம் தட்டவில்லை. வாசலில் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனோவா, தன் குரல் தனக்கே கேட்காமல், பதினோரு வருடப் பழக்கத்தில் சொன்னாள்: "ரஞ்சிதம், அவருகிட்ட சொல்லு..."

பதினோரு வருடம் ஒரு சொல் தட்டாத ரஞ்சிதம் தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று ஆட்டினாள். ஜெனோவாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதட்டைப் பார்த்தே புரிகிற மாதிரி நிறுத்திச் சொன்னாள்: "நீயே சொல்லு."

ஜெனோவா எழுந்து பெட்டியின் முன்னால் போய் நின்றாள். இடப்பக்கம் மூன்றாம் வெள்ளைக் கட்டையில் விரலை வைத்தாள். இரண்டு தரம் அழுத்தினாள். வாரேன்.

சத்தம் வரவில்லை. வராது என்று தெருவுக்குத் தெரியும். தங்கத்துரை காலண்டரை எடுத்து எண்ணி, சுவரில் சாக்பீஸால் அக்டோபர் பதினாறு என்று எழுதினார். "அதுவரைக்கும் கரண்டு போவப்பிடாது, பாத்துக்கிடுதேன்" என்றார்.

"ரிட்டயர் ஆயிருவீங்களே அண்ணாச்சி" என்றது வாசலில் ஒரு குரல்.

"ஆனா என்ன?"

"பிலேந்திரன் அண்ணாச்சி வாசிச்சது இன்னையோட முடிஞ்சுபோச்சே, அந்நேரம் கேக்க அவரு இருக்கணுமே" என்று வேறு யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

ரஞ்சிதம் செபமாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "ஏழு மாசம் சத்தமே வராத பெட்டிக்கு முன்னால உக்காந்திருந்த மனுசன். இன்னொரு ஏழு மாசம் இருக்க மாட்டாரா" என்றாள்.

ஜெனோவாவுக்கு அது கேட்கவில்லை. அவள் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே உட்கார்ந்தாள்.